விளக்கும் குழாயும்

பிழைப்பின் பொருட்டு வெளிமாநிலங்களில் குடியேறிய நம்மவர்களுக்குச் சொந்தக் கார் என்பது ஆடம்பரப் பொருள் அன்று. ரயிலில் இடம் கிடைக்காத பொங்கல் நாட்களில் நம்மை ஊர் கொண்டு சேர்ப்பது அதுதான்; மொழி தெரியாத நகரில் நள்ளிரவில் மருத்துவமனைக்கு ஓடுவதும் அதில்தான். அத்தகைய வண்டியில் உள்ள இரண்டு சிறு உறுப்புகளைப் பற்றி இன்று பேச எண்ணுகிறோம். ஒன்று, ஓட்டுபவர் கண்ணுக்கு எதிரே டாஷ்போர்டில் எரியும் மஞ்சள் விளக்கு. எஞ்சின் படம் பொறித்தது. மற்றொன்று, பானெட்டுக்குள் மறைந்து கிடந்து பெட்ரோலைக் கொண்டுசெல்லும் ரப்பர்க் குழாய். இவ்விரண்டுக்கும் உள்ள உறவு என்ன என்பதை நாங்கள் ஒரு பயணத்தின் நடுவழியில்தான் கற்றுக்கொண்டோம். அந்தக் கதையை முதலில் சொல்லிவிடுகிறோம்.

நாகபுரியில் நாங்கள் குடியேறி 20 ஆண்டுகளுக்கு மேல் ஆகின்றன. எங்கள் கார் பெட்ரோல் வண்டி. 10 வயதைக் கடந்தது. வேறொருவர் ஓட்டியதை வாங்கியது. சில ஆண்டுகளுக்கு முன் பொங்கலுக்குச் சேலம் போவதற்கு எல்லா ஏற்பாடும் செய்து முடித்த வேளையில் அந்த மஞ்சள் விளக்கு எரியத் தொடங்கிற்று. ஓட்டத்தில் பெரிய குறை ஏதும் தெரியவில்லை. சிக்னலில் நிற்கும்போது மட்டும் எஞ்சின் சற்றே நடுங்கியது. ஒரு பட்டறைக்குக் கொண்டுபோனோம். அங்கிருந்த இளைஞர் ஸ்கானர் கருவியைச் செருகினார், திரையைப் பார்த்தார், "சென்சார் போய்விட்டது" என்றார். புதிய சென்சார் பொருத்தி, கருவியில் ஒரு பொத்தானை அழுத்தினார். விளக்கு அணைந்தது. கேட்ட தொகையைக் கொடுத்துவிட்டு நிம்மதியாக வீடு திரும்பினோம்.

மறுநாள் விடியுமுன் புறப்பட்டோம். நாகபுரியிலிருந்து சேலம் 1200 கிலோமீட்டருக்கு மேல். 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை ஒன்றே ஐதராபாத், பெங்களூர் வழியாகக் கொண்டுசேர்த்துவிடும். குளிர்காலமாதலால் கண்ணாடிகளை ஏற்றியிருந்தோம். ஹிங்கண்காட்டை நெருங்கும்போது பின் இருக்கையில் இருந்த அம்மா, பெட்ரோல் நாற்றம் வருவதாகச் சொன்னார். முன்னே போகிற லாரியின் நாற்றமாக இருக்கும் என்றோம். சற்றுப் பொறுத்து மீண்டும் சொன்னார். காலையில் டாங்கியை நிரப்பினோமே, அதுவாக இருக்கும் என்றோம். மூன்றாம் முறை சொன்னபோது, "விளக்கு எரியவில்லையே அம்மா, ஏதாவது கோளாறு என்றால் எரியாதா?" என்று சமாதானம் கூறினோம். அதற்கு அவர், "உன் விளக்கு எரியலேன்னா என்னடா? ஸ்டவ்விலே மண்ணெண்ணெய் ஒழுகினா மூக்குக்குத் தெரியாதா? வண்டியை ஓரமா நிறுத்து" என்றார். நிறுத்தினோம்.

அருகில் ஒரு சிறு பட்டறை இருந்தது. அதை நடத்திய மராட்டியப் பெரியவர் செய்த முதற்காரியம் எங்கள் அனைவரையும் வண்டியிலிருந்து இறக்கி, காற்று வீசும் பக்கமாகத் தொலைவில் நிற்க வைத்ததுதான். எஞ்சினை முடுக்கிப் பார்க்கவும் அவர் ஒப்பவில்லை. பானெட்டைத் திறந்து சூடு ஆறவிட்டார். பின்பு டார்ச் வெளிச்சத்தில் பார்த்து, இரண்டு குழாய்களைக் காட்டினார். ஒன்று எஞ்சினுக்குள் காற்று செல்லும் பாதையோடு சேர்ந்த மெல்லிய ரப்பர்க் குழாய். அதன் முனை வெடித்திருந்தது. மற்றொன்று பெட்ரோல் குழாய். அதன் கிளிப்புக்கு அருகே நுண்ணிய கீறல்கள் ஓடியிருந்தன. கீழே இருந்த உலோகப் பரப்பில் மற்ற இடமெல்லாம் புழுதி படிந்திருக்க, ஓரிடம் மட்டும் கழுவிவிட்டதுபோல் இருந்தது. "உங்கள் விளக்கு எரிந்தது இதற்காக" என்று காற்றுக் குழாயைத் தொட்டார். "இதற்கு விளக்கே கிடையாது" என்று பெட்ரோல் குழாயைத் தொட்டார்.

இந்த இரு வாக்கியங்களுக்குள் நாம் அறிய வேண்டியது பெரும்பாலும் அடங்கிவிடுகிறது. அவற்றைச் சற்று விரித்துப் பார்ப்போம்.

இவ்விளக்கு பிறந்த காரணமே வேறு. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் கார்ப் புகையால் காற்று நஞ்சாகிவந்தது. வண்டி தன் புகையைத் தானே கண்காணித்துக்கொள்ள வேண்டும் என்று அம்மாநிலம் விதித்தது. 1988-ஆம் ஆண்டு மாடல் கார்களிலிருந்து அவ்விதி நடைமுறைக்கு வந்தது. 1996 முதல் அமெரிக்கா முழுவதும் ஒரே முறையிலான குறியீடுகள் ஏற்பட்டன. நம் நாட்டில் 2010-லும், அதைவிடக் கண்டிப்பான வடிவில் 2013-லும் இவ்வேற்பாடு கட்டாயமாயிற்று. ஆகவே இந்த விளக்கு முதன்மையாகப் புகையின் காவலாளி. தீயின் காவலாளி அன்று.

அது வேலை செய்யும் விதம் இது. ஒரு பங்கு பெட்ரோல் நன்றாக எரிய, எடையில் ஏறக்குறைய 14.7 பங்கு காற்று வேண்டும். உள்ளே செல்லும் காற்றை ஒரு கருவி அளக்கிறது. புகைக்குழாயில் உள்ள ஆக்ஸிஜன் சென்சார், எரிந்தபின் மிஞ்சிய ஆக்ஸிஜனைப் பார்த்துச் சொல்கிறது. எஞ்சினின் மூளையாகிய கட்டுப்பாட்டுப் பெட்டி இவ்விரண்டையும் ஒப்பிட்டுப் பெட்ரோலைக் கூட்டியும் குறைத்தும் கலவையைச் சரிசெய்கிறது. அளவு கருவியைக் கடந்தபின் ஒரு குழாய் வெடித்திருந்தால், கணக்கில் வராத காற்று உள்ளே நுழைகிறது. பெட்டி பெட்ரோலைக் கூட்டிக்கொண்டே போகிறது. ஓர் எல்லைக்கு மேல் கூட்ட வேண்டியிருந்தால் ஒரு குறியீட்டைப் பதிவு செய்து விளக்கை ஏற்றுகிறது. எங்கள் வண்டியில் பதிவானது பி 0171 என்னும் குறியீடாகத்தான் இருக்க வேண்டும் என்றார் அப்பெரியவர். கலவையில் பெட்ரோல் போதவில்லை என்பது அதன் பொருள்.

இங்கேதான் பலரும் வழுக்கி விழுகிறார்கள். குறியீடு ஒரு நோய்க்குறியைச் சொல்கிறதே தவிர, கெட்டுப்போன உறுப்பின் பெயரைச் சொல்வதில்லை. காய்ச்சல் 102 டிகிரி என்று காட்டும் வெப்பமானியை மாற்றினால் காய்ச்சல் தீருமா? பி 0171 என்றால் காற்றுக் குழாய் வெடித்திருக்கலாம்; பெட்ரோல் வடிகட்டி அடைத்திருக்கலாம்; பம்பு தளர்ந்திருக்கலாம்; காற்றை அளக்கும் கருவியில் அழுக்குப் படிந்திருக்கலாம்; பெட்ரோல் குழாயில் பெரிய ஒழுக்கு ஏற்பட்டு அழுத்தம் குறைந்திருக்கலாம். சென்சாரும் கெட்டிருக்கலாம், ஆனால் அது பலவற்றுள் ஒன்று. உண்மையைச் சொன்ன சாட்சியையே குற்றவாளியாக்கிக் கழற்றி எறிந்துவிட்டோம் என்பது எங்களுக்குப் பிறகே விளங்கிற்று.

அப்படியானால் விளக்கு ஏன் அணைந்தது? பொத்தானை அழுத்திக் குறியீட்டை அழித்ததால் அணைந்தது. பல கோளாறுகளை, அடுத்தடுத்த இரண்டு ஓட்டங்களில் கண்ட பின்னரே கட்டுப்பாட்டுப் பெட்டி விளக்கை ஏற்றும். ஆகையால் அழித்த மறுநாள் விளக்கு எரியாதிருப்பது குணமானதற்கு அடையாளம் ஆகாது. மேலும், கோளாறு தோன்றிய கணத்தில் எஞ்சினின் வேகம் என்ன, சூடு என்ன, சுமை என்ன என்று பெட்டி ஒரு குறிப்பு எழுதி வைத்திருக்கும். அழிக்கும்போது அக்குறிப்பும் போய்விடுகிறது. காரணத்தை உள்ளபடி நீக்கிவிட்டால், கோளாறற்ற மூன்று ஓட்டங்களுக்குப் பின் பெரும்பாலும் விளக்கு தானாகவே அணையும்.

இனி, விளக்கில்லாத குழாயைப் பார்ப்போம். கார்புரேட்டர் இருந்த காலத்தில் பெட்ரோல் குழாயில் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு அரைக் கிலோவுக்கும் குறைவு. இன்றைய சாதாரணப் பெட்ரோல் எஞ்சினில், பம்பிலிருந்து வரும் குழாயில் அது 3 முதல் 4 கிலோ வரை இருக்கும். நம் கார்ச் சக்கரத்தில் அடிக்கும் காற்றின் அழுத்தமே ஏறத்தாழ 2 கிலோதான் என்பதை எண்ணிப் பார்த்தால் இதன் வேகம் புலப்படும். முன்னாளில் கீறலிலிருந்து சொட்டாக வடிந்தது, இப்போது மூடுபனிபோல் சீறும். பெட்ரோலோ, பூஜ்யத்துக்குக் கீழே 40 டிகிரிக் குளிரிலும் தீப்பற்றக்கூடிய ஆவியை எழுப்பும் பொருள். அந்த ஆவி காற்றைவிடக் கனமானது. மேலே பறந்து போகாமல் தாழ்வான இடங்களில் தேங்கி நிற்கும். அருகிலேயே சுடுகின்ற புகைக்குழாயும் பொறி எழுப்பும் மின்கம்பிகளும் இருக்கின்றன.

இவ்வளவு இருந்தும் சிறு கசிவை விளக்கு அறிவதில்லை. வெளியே எவ்வளவு சிந்துகிறது என்று அளக்கும் கருவி அங்கே இல்லை. பம்பு வலுவாக இருக்கும்வரை சிந்தியது போகவும் அழுத்தம் குறையாமல் நிற்கும்; கலவை கெடாது; பெட்டிக்கும் புகார் எழாது. ஒழுக்கு பெருகி அழுத்தம் வீழ்ந்தபிறகே பி 0171 அல்லது பி 0087 போன்ற குறியீடு வரும். அதுவரை நமக்குள்ள காவல் நம் மூக்கு ஒன்றே. சில வண்டிகளில் டாங்கியின் ஆவி கசிந்தால் பி 0442, பி 0455 என்னும் குறியீடுகள் தோன்றும். பெட்ரோல் மூடியைச் சரியாகத் திருகாததே அதற்குக் காரணமாக இருப்பதும் உண்டு. ஆதலால் முதலில் மூடியைப் பாருங்கள்.

குழாய் ஏன் நைந்துபோகிறது? முதற்காரணம் சூடு. கோடையில் நாகபுரியில் வெயிலே 45 டிகிரியைத் தொடுகிறது. பானெட்டுக்குள் அதைவிட மிகுதி. ஆண்டுக்கணக்கில் வெந்த ரப்பர் நெகிழ்ச்சி இழந்து குச்சிபோல் விறைக்கிறது. பம்பாய், விசாகப்பட்டினம் போன்ற கடலோர நகரங்களில் உப்புக்காற்றால் கிளிப்புகள் துருப்பிடித்து ரப்பரை அறுக்கின்றன. இரண்டாவது காரணம், பெட்ரோலில் கலக்கப்படும் எத்தனால். நம் நாட்டில் அதன் கலப்பு 2022-இல் நூற்றுக்கு 10 பங்கை எட்டியது. 2025-இல் 20 பங்கை எட்டியது. அக்கலவைக்கென்று செய்யப்படாத பழைய ரப்பர் வகைகள் சில ஊறிப் பருத்து, பின்பு வலுவிழக்கும். மூன்றாவது காரணம் எலி. மழைக்காலத்தில் வெதுவெதுப்பு நாடி எஞ்சினுக்குள் குடிபுகும் எலி, குழாயையும் கம்பியையும் கடித்து வைக்கும். ஊருக்குப் போய்ப் பதினைந்து நாள் கழித்துத் திரும்பி வந்து வண்டியை எடுப்பவர்கள், சாவியைத் திருப்புமுன் ஒருமுறை பானெட்டைத் திறந்து பார்ப்பது நல்லது.

பார்ப்பது எப்படி? எஞ்சின் குளிர்ந்திருக்க வேண்டும். வண்டி திறந்த வெளியில் நிற்க வேண்டும். அருகே நெருப்போ புகைபிடிப்பவரோ இருக்கக் கூடாது. குழாய் முழுவதையும் கண்ணால் தொடர்ந்து சென்று, முனைகளிலும் வளைவுகளிலும் உலோக விளிம்பில் உராயும் இடங்களிலும் நின்று பாருங்கள். மெல்ல வளைத்தால் வறண்ட ஏரியின் தரைபோல் வெடிப்புத் தெரிகிறதா? அழுத்தினால் கட்டைபோல் இருக்கிறதா, அல்லது ஊறிய பஞ்சுபோல் அமுங்குகிறதா? ஈரமோ, புழுதி கழுவப்பட்ட தடமோ உண்டா? இவற்றுள் ஒன்று இருந்தாலும் குழாயை மாற்றிவிட வேண்டியதே. நாற்றம் எதுவும் இல்லாத வண்டியில், சாவியை ஒரு படி மட்டும் திருப்பினால் பெரும்பாலான வண்டிகளில் பம்பு இரண்டு மூன்று விநாடி ஓடி அழுத்தம் ஏற்றும். எஞ்சினை முடுக்காமலே ஈரம் துளிர்க்கிறதா என்று அப்போது மற்றொருவர் பார்க்கலாம். நாற்றம் ஏற்கெனவே இருந்தால் சாவியைத் தொடவே வேண்டாம்.

மாற்றும் வேலையை அறிந்தவரிடமே விடுங்கள். வண்டி நின்ற பிறகும் குழாய்க்குள் அழுத்தம் தங்கியிருக்கும். அதை முறைப்படி இறக்கி, பாட்டரியின் எதிர்முனையைக் கழற்றிய பின்னரே குழாயைத் தொட வேண்டும். டீசல் எஞ்சின்களிலும், நேரடியாகச் சிலிண்டருக்குள் பெட்ரோல் பீய்ச்சும் புதுவகை எஞ்சின்களிலும் உயர் அழுத்தக் குழாய்கள் உண்டு. நாமாக அவற்றின் அருகே கை வைக்கலாகாது. ஆயினும் எந்தக் குழாய் பொருத்தப்படுகிறது என்று கேட்டறிவது நம் கடமை. உங்கள் வண்டிக்கென்று கம்பெனி செய்த குழாயே மேல். கடைக் குழாயானால் அதன்மேல் அச்சிட்ட எழுத்தைப் படியுங்கள். எஸ்.ஏ.ஈ. ஜே-30 தரத்தில் ஆர்-7 என்பது குறைந்த அழுத்தத்துக்கு உரியது. ஆர்-9 என்பதே இன்ஜெக்ஷன் வண்டிகளின் அழுத்தத்துக்கு உரியது. ரேடியேட்டர்த் தண்ணீர்க் குழாயையோ, சைக்கிள் டியூப் சுற்றிய ஒட்டையோ ஒருபோதும் ஏற்காதீர்கள். அந்த ரப்பரைப் பெட்ரோல் ஊறச்செய்து கெடுத்துவிடும். கிளிப்பும் புதிதாக இருக்க வேண்டும். ரப்பரை வெட்டாத வழவழப்பான ஓரம் உடையதாக இருக்க வேண்டும்.

அந்தப் பெரியவரிடம் அன்று தகுந்த குழாய் இல்லை. "எதையாவது போட்டு அனுப்புங்கள், ஐதராபாத்தில் பார்த்துக்கொள்கிறோம்" என்று நாங்கள் கெஞ்சினோம். அவர் இணங்கவில்லை. பேரப்பிள்ளைகள் ஏறும் வண்டி என்று மட்டும் சொல்லிவிட்டு, ஆளை ஹிங்கண்காட்டுக்கு அனுப்பிக் குழாய் தருவித்தார். மூன்று மணி நேரம் கழிந்தது. இரண்டு குழாய்க்கும் கூலிக்குமாக அவர் வாங்கிய தொகை, முன்பு நாங்கள் சென்சாருக்குக் கொடுத்ததில் ஒரு சிறு பகுதியே. சேலம் போய்த் திரும்பியபின்னும் அந்த விளக்கு எரியவில்லை, நாற்றமும் வரவில்லை.

விளக்கு எரியும்போது என்ன செய்வது என்பதையும் சுருக்கமாகக் கூறிவிடுகிறோம். மஞ்சள் விளக்கு நிலையாக எரிந்து, வண்டியும் ஒழுங்காக ஓடினால் பதற வேண்டாம். ஆனால் சில நாட்களுக்குள் காட்டிவிடுங்கள். விளக்கு கண்சிமிட்டினால் சிலிண்டரில் எரியாத பெட்ரோல் புகைக்குழாய்க்குப் போகிறது என்று பொருள். அங்குள்ள விலையுயர்ந்த கன்வெர்ட்டர் வெந்து கெடும். வேகத்தைத் தணித்து, பாதுகாப்பான இடத்தில் நிறுத்துங்கள். எண்ணெய்க் குறியுள்ள சிவப்பு விளக்கு எரிந்தால் உடனே எஞ்சினை நிறுத்துங்கள். பெட்ரோல் நாற்றம் வந்தால் எந்த விளக்கையும் பார்க்க வேண்டாம். நிறுத்தி, இறங்கி, விலகி நில்லுங்கள். பழைய கார் வாங்குவோர் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். சாவியைத் திருப்பியதும் இந்த மஞ்சள் விளக்கு எரிந்து, எஞ்சின் ஓடத் தொடங்கியபின் அணைய வேண்டும். தொடக்கத்திலேயே எரியாவிட்டால், அதை யாரோ வாயடைத்து வைத்திருக்கக்கூடும்.

மொழி புதிதான ஊரில் பட்டறைக்காரரிடம் இதையெல்லாம் எப்படிச் சொல்வது என்று சிலர் தயங்கலாம். இந்தி வழங்கும் இடங்களில் மூன்று வாக்கியங்கள் போதும். "இஞ்சின் கீ பத்தீ ஜல் ரஹீ ஹை" என்றால் எஞ்சின் விளக்கு எரிகிறது என்று பொருள். "பெட்ரோல் கீ பூ ஆ ரஹீ ஹை" என்றால் பெட்ரோல் நாற்றம் வருகிறது. நமக்குப் பூ என்றால் மலர், அவர்களுக்கு நாற்றம். எங்கள் அம்மா இதைக் கேட்டு அன்று சாலையோரத்தில் நின்றபடியே சிரித்துவிட்டார். மூன்றாவது வாக்கியமே முக்கியமானது: "கோட் மிடானே ஸே பஹ்லே லிக்கர் தீஜியே." அழிக்குமுன் குறியீட்டை எழுதிக் கொடுங்கள் என்பது அதன் பொருள். எழுதி வாங்கிய அந்தத் துண்டுக் காகிதம் கையில் இருந்தால், அடுத்த ஊரில் அடுத்த மெக்கானிக்கிடம் உங்களுக்கு மொழியே தேவைப்படாது. அந்த எண் எல்லா ஊரிலும் ஒன்றே.

இவ்வாண்டும் நம்மில் பலர் பண்டிகைக்கு ஊர் நோக்கிப் புறப்படுவோம். பெட்டிகளை ஏற்றுமுன் ஐந்து நிமிடம் பானெட்டைத் திறந்து பாருங்கள். வழியில் பின் இருக்கையில் இருப்பவர்கள் ஏதேனும் நாற்றம் என்று சொன்னால், விளக்கைக் காட்டி அவர்களை அடக்கிவிடாதீர்கள்.